பழைய கிளாஸ்மேட்ஸ் கூட வெளிய சாப்பாடு: ஹோட்டலா, பஃபேவா, யாராவது வீடா, இல்ல வெறும் டீயா?

லீவுக்கு வர்றேன்னு கிளாஸ் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டாப் போதும், அஞ்சே நிமிஷத்துல "வாடா வாடா", "இந்த வாட்டி கண்டிப்பா மீட் பண்றோம்"னு வந்து கொட்டும், கட்டைவிரல் மட்டும் முப்பது பேர் தூக்கியிருப்பாங்க. அப்புறம் யாரோ ஒருத்தர் "சரி, எங்க?"ன்னு கேப்பாங்க, அத்தோட குரூப் அப்படியே படுத்துடும். மூணு நாளைக்கு குட்மார்னிங் படம் தவிர ஒண்ணும் வராது. கடைசில நாம கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி, பெட்டிய பாதி அடுக்கி வெச்சுட்டு ஓடிப் போயி, கெடச்ச எடத்துல நாலு பேர் ஒக்காந்து வராத இருபது பேரத் திட்டிட்டு வருவோம்.

நான் வெளியூர்ல வேலைக்குப் போயி ரொம்ப வருஷம் ஆச்சு. ஊருக்குப் போறப்பல்லாம் இந்த மீட்டிங்க ஏற்பாடு பண்றது எப்படியோ என் தலையில வந்து விழும், அதனால எல்லா வகையும் பண்ணிப் பாத்தாச்சு, பாதிக்கு மேல சொதப்பல்தான். சமீபத்துல இதே கேள்விய அடுத்தடுத்து மூணு பேர் கேட்டாங்க. ஒருத்தருக்கு இருபத்தஞ்சு பேர் வர்றேன்னு சொல்லிட்டாங்களாம், ஒருத்தருக்கு ஆறே பேரு, இன்னொருத்தருக்கு எத்தன பேர்னே தெரியல. மூணு பேருக்கும் ஒரே பதில் செட் ஆகாது, அதான் முழுசாவே எழுதிடலாம்னு ஒக்காந்துட்டேன்.

எத வெச்சு முடிவு பண்றது

வழக்கமா நாம பாக்குறது ரெண்டே விஷயம்: சாப்பாடு நல்லாருக்குமா, வண்டி நிறுத்த எடம் இருக்கா. ரெண்டும் வேணும்தான், ஆனா ரெண்டும் பின்னாடி பாக்க வேண்டியது. போன தடவை கிளாஸ்மேட்ஸ் கூட என்ன சாப்பிட்டீங்கன்னு இப்பக் கேட்டா யோசிப்பீங்க. யார் யார் வந்தாங்க, யார் என்ன சொன்னாங்கன்னு கேட்டா உடனே வரும்ல? அதனால நான் பாக்குற வரிசையே வேற.

மொதல்ல, பேச முடியுமா. இதுல ஒரு கணக்கு இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. ராபின் டன்பார்ங்கிற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவரோட ஆளுங்களும், ஜனங்க தானா கூடிப் பேசுற எடங்கள்ல ஒரு பேச்சுல எத்தன பேர் இருக்காங்கன்னு எண்ணிப் பாத்து 1995ல எழுதுனாங்க. சுமாரா நாலு பேர், அதுக்கு மேல அஞ்சாவது ஆள் சேர்ந்தா பேச்சு ரெண்டா ஒடஞ்சுடுது. அப்ப பன்னெண்டு பேர ஒரே டேபிள்ல ஒக்கார வெச்சா அது ஒரு மீட்டிங் இல்ல, பக்கத்து பக்கத்துல நடக்குற மூணு மீட்டிங். இதுல நம்ம யார் பக்கத்துல மாட்டுறோம்ங்கிறதுலதான் அன்னைக்குப் பொழுதே இருக்கு. அதோட சத்தம் வேற. சுத்தி இரைச்சல் இருந்தா மனுஷன் தன்னால குரல ஏத்துவான், 1911லயே எத்தியேன் லொம்பார்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் இத எடுத்துச் சொல்லிட்டார். ஒரு டேபிள் குரல ஏத்துனா பக்கத்து டேபிள் ஏத்தும், அதக் கேட்டு இவங்க இன்னும் ஏத்துவாங்க. வீட்டுக்கு வந்தா தொண்ட கட்டியிருக்கும், பேசுனது என்னமோ பத்து வரிதான்.

ரெண்டாவது, வர்றவங்கள்ல கையில காசு ரொம்பக் கம்மியா இருக்குற ஆளுக்கு அந்த எடம் தாங்குமா. எனக்கு இதான் ரொம்ப முக்கியம். ஸ்கூல்ல எல்லாரும் ஒரே பெஞ்சு, ஒரே யூனிஃபார்ம். இப்ப ஒருத்தன் மூணு கார் வெச்சிருக்கான், ஒருத்தனுக்கு மாசக் கடைசி தேதி இருபதுலயே வந்துடுது. அவன் குரூப்ல வந்து "எனக்குக் கட்டுபடி ஆகாதுடா"ன்னு டைப் பண்ணவே மாட்டான். "அன்னைக்கு ஒரு வேலை இருக்கு மாப்ள"ன்னுதான் சொல்லுவான். நாமளும் பந்தா பண்றான்னு நெனச்சுக்குவோம்.

மூணாவது, நடுவுல எந்திரிச்சுப் போக முடியுமா. கைக்கொழந்தைய விட்டுட்டு வந்தவங்க இருப்பாங்க, படுத்த படுக்கையா இருக்குற அம்மாவுக்கு எட்டு மணிக்கு மாத்திரை குடுக்கணும்னு ஒருத்தர் இருப்பார், நைட் ஷிஃப்ட் ஒருத்தர். அரை மணி நேரம் தல காட்டிட்டுப் போறதுக்கு தோதா இருக்குற எடத்துக்குத்தான் இவங்கல்லாம் வருவாங்க.

நாலாவது, யார் ஒழைக்கிறது. நாம சிரிச்சுட்டு இருக்குறப்ப யாரோ ஒருத்தர் அடுப்படில நிக்கிறாங்களா, யாரோ ஒருத்தர் போனும் கையுமா ஆள் எண்ணிட்டு இருக்காங்களா. இது பில்லுல வராத செலவு.

சுகர், பிரஷர், சைவம், விரதம், குடிக்கிறவங்க, குடியக் கண்டாலே ஆகாதவங்க, இதெல்லாம் அஞ்சாவது. வயசு ஏற ஏற இந்த லிஸ்ட் நீண்டுட்டேதான் போகுது.

பெரிய ஹோட்டல்ல டேபிள் புக் பண்றது

எல்லாருக்கும் மொதல்ல தோணுறது இதான். ஏசி, நல்ல வெளிச்சம், போட்டோ நல்லா விழும், யாரும் சமைக்க வேணாம், அவங்கவங்க வேணுங்கறத சொல்லிக்கலாம். ஒழைப்புங்கிற கணக்குல இதுக்கு முழு மார்க்.

பேச்சுங்கிற கணக்குலதான் அடி வாங்கும். கூட்டமா போனா அவங்க என்ன பண்ணுவாங்க, நாலஞ்சு டேபிள இழுத்து வரிசையா சேத்துப் போட்டு ரயில் பெட்டி மாதிரி ஆக்கிடுவாங்க. ஒரு தடவை நாங்க பதினாலு பேர். நான் யாருக்காக முக்கியமா போனேனோ அவன், ஏழு வருஷம் என் பெஞ்சுல ஒக்காந்தவன், அந்தக் கோடில. நான் இந்தக் கோடில, தூணுக்குப் பக்கத்துல. வந்தவொடனே கையத் தூக்கி "டேய்"னான், நானும் கையத் தூக்குனேன். ரெண்டரை மணி நேரம் கழிச்சு வாசல்ல செருப்பு மாதிரி வரிசையா நிறுத்தியிருந்த வண்டிங்களுக்கு நடுவுல நின்னு "அப்புறம்டா, எப்படி இருக்க"ன்னு ஆரம்பிச்சோம், அதுக்குள்ள அவன் பையன் போன் பண்ணிட்டான், கிளம்பிட்டான். அவ்ளோதான். பதினாலு பேரும் ஒண்ணா இருக்குற போட்டோ மட்டும் அருமையா வந்திருந்துச்சு.

அதனால ஹோட்டல்னு முடிவு பண்ணா நீள டேபிள் வேணாம்னு புக் பண்றப்பவே சொல்லிடுங்க. ஆறு பேர் ஒக்கார்ற ரவுண்டு டேபிள் ரெண்டு மூணு கேளுங்க, சாப்பாடு பாதி முடிஞ்சதும் ஆளுங்க எடம் மாறி ஒக்காரணும்னு மொதல்லயே பேசி வெச்சுக்குங்க. கேக்க சின்னப்பிள்ளத்தனமா இருக்கும், ஆனா வேல செய்யுது.

அப்புறம் பில்லு. சமமாப் பிரிக்கிறதுதான் ஈஸின்னு எல்லாரும் நெனைக்கிறோம். இஸ்ரேல்ல ஹைஃபாங்கிற ஊர்ல உரி நீஸிங்கிற பொருளாதார ஆய்வாளரும் கூட ரெண்டு பேரும் ஒரு ரெஸ்டாரன்ட்ல வெச்சு இத நேராவே சோதிச்சுப் பாத்தாங்க, 2004ல வெளியாச்சு. ஆறு ஆறு பேரா ஒக்கார வெச்சு, சில டேபிளுக்கு அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்களே குடுக்கணும்னு சொன்னாங்க, சில டேபிளுக்கு மொத்த பில்ல ஆறாப் பிரிச்சுக்கணும்னு, சில டேபிளுக்கு முழுக்க இலவசம். தனித்தனியா குடுத்தவங்க தலைக்குச் சுமார் 37 ஷெக்கலுக்கு (அந்த ஊர்க் காசு) சாப்பிட்டாங்க. பிரிச்சுக்கிட்டவங்க 51. இலவசம்னதும் 82. ஒரே ஹோட்டல், ஒரே மெனு. இதுல வேடிக்கை என்னன்னா, எந்த முறை புடிக்கும்னு கேட்டா பெரும்பாலானவங்க தனித்தனியா குடுக்கறதுதான்னு சொல்லியிருக்காங்க. ஆனா பிரிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா அவங்களே ஏத்தித்தான் ஆர்டர் பண்றாங்க. அவங்க ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்க, நாம ஃப்ரெண்ட்ஸ், நமக்குள்ள வெக்கம் தடுக்கும்னு நீங்க சொல்லலாம். நானும் அப்படித்தான் நெனச்சேன்.

எங்க கூட்டத்துல ஒருத்தன் அன்னைக்கு ஒரு சூப் மட்டும் வாங்கி, அத ஸ்பூன்ல கிண்டிக்கிட்டே ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தான். "சாப்பிடுறா"ன்னா, "வயிறு ஒரு மாதிரி இருக்கு மாப்ள, நீங்க சாப்பிடுங்க"ன்னான். நாங்க நம்பிட்டோம். எதிர்ல ரெண்டு பேர் இருக்குறதுலயே வெல ஜாஸ்தியான அயிட்டத்த ரெண்டாவது தடவை சொல்லிட்டு இருந்தாங்க. பில் வந்துச்சு, கால்குலேட்டர எடுத்து யாரோ பதினாலால வகுத்து "தலைக்கு இவ்ளோ"ன்னு சொல்லிட்டாங்க, சூப் குடிச்சவனும் சேத்துத்தான். அவன் பர்ஸத் தொறந்து நோட்ட எண்ணுனான். ஒரு தடவை எண்ணிட்டு, மறுபடி எண்ணுனான். அந்த ரெண்டாவது தடவை எண்ணுனத நான் பாத்தேன், வாயத் தொறக்கல. இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு உறுத்தும்.

இதுல மறைஞ்சிருக்குற மத்த செலவும் சொல்லிடறேன். மெனுவுல போட்டிருக்குற வெல கடைசி வெல இல்ல, வரி, சர்வீஸ் சார்ஜ், டிப்ஸுன்னு மேல ஏறும். தனி ரூம் கேட்டா கொறஞ்சது இத்தன ஆளுக்கு பில் ஆகணும்னு கண்டிஷன் வெப்பாங்க, அட்வான்ஸ் கேப்பாங்க. இருபது பேர்னு சொல்லி பன்னெண்டு பேர் வந்தா அந்த எட்டுப் பேர் பங்கு புக் பண்ணவன் தலையில.

எப்ப சரியா வரும்: ஆறுலேர்ந்து எட்டுப் பேர், எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சம்பாதிக்கிறவங்க, ரொம்ப நாள் கழிச்சுப் பாக்குறதால கொஞ்சம் டிரஸ் பண்ணிட்டு வரணும்னு ஆசைப்படுறாங்கன்னா, தாராளமா போங்க.

பஃபே

காசு விஷயத்துல ஹோட்டல விட இது சுத்தம், ஏன்னா தலைக்கு இவ்ளோன்னு போறதுக்கு முன்னாடியே தெரியும். கணக்குப் போட வேணாம், யாரும் யாருக்காகவும் தண்டம் அழ வேணாம். சைவம் அசைவம் சண்டையும் இல்ல. ஆனா "முன்னாடியே தெரியும்"ங்கிறதுக்கும் "கட்டுபடி ஆகும்"ங்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அந்த ரேட்டே சிலருக்குப் பெருசு. கொஞ்சமா சாப்பிடுறவங்களுக்கு நஷ்டம், அதுவும் ஒண்ணு.

பேச்சு? எப்பவும் பாதிப் பேர் தட்டோட நின்னுட்டு இருப்பாங்க. ஒருத்தன் தன் டைவர்ஸ் கதைய ஆரம்பிச்சு, முக்கியமான எடத்துக்கு வர்றப்ப நாலு பேர்ல ரெண்டு பேர் "இருடா, ஸ்வீட் தீந்துடப் போகுது"ன்னு எந்திரிச்சுட்டாங்க. திரும்பி வந்து "ம், சொல்லு"ன்னா அவன் எங்கேர்ந்து சொல்லுவான்? ஆனா இதயே வேற மாதிரியும் பாக்கலாம். நடமாட்டம் இருக்குறதால யார் பக்கத்துலயும் நிரந்தரமா மாட்டிக்க மாட்டோம், தட்டோட போற சாக்குல எல்லா டேபிளுக்கும் ஒரு ரவுண்டு அடிச்சுடலாம். பேரு மட்டும் ஞாபகம் இருக்குற இருபத்தஞ்சு பேர் மொத தடவையா கூடுறப்ப இது ஹோட்டல விட நல்லாவே ஓடும். நெருக்கமான நாலு பேருக்கு பஃபே சுத்த வேஸ்ட்.

சுகர் இருக்குறவங்க கவனிக்க ஒண்ணு. ஜான் டி காஸ்ட்ரோங்கிற ஆய்வாளர் ஜனங்களோட சாப்பாட்டு டைரிய வெச்சு கணக்குப் பாத்ததுல, தனியா சாப்பிடுறத விட ஒருத்தர் கூட இருந்தா மூணுல ஒரு பங்கு அதிகமா உள்ள போகுது, ஏழெட்டுப் பேர் இருந்தா கிட்டத்தட்ட டபுள். இதுல "குடுத்த காசுக்கு"ன்னு ஒரு வேகம் வேற சேர்ந்தா மறுநாள் காலைல சுகர் மெஷின் உண்மையச் சொல்லிடும்.

டைம் லிமிட் இருக்கான்னு மொதல்லயே கேட்டுக்குங்க. பேச்சு சூடு புடிக்கிறப்ப லைட்ட அணைக்க ஆரம்பிப்பாங்க.

யாராவது ஒருத்தர் வீட்ல

மூணு மணி நேரமோ ஆறு மணி நேரமோ, யாரும் தொரத்த மாட்டாங்க. தரையில சாஞ்சு ஒக்காரலாம், பழைய போட்டோவ எடுத்துப் போடலாம், பாதில வரலாம், பாதில போலாம், கொழந்தைங்க ஒரு ரூம்ல ஓடிட்டு இருக்கும், சத்தம்னா நம்ம சத்தம் மட்டும்தான். பேச்சுக்கு இத அடிச்சுக்க வேற எடமே கெடயாது.

ஆனா விலை யார் குடுக்குறாங்கன்னு பாருங்க. ஒரு ஃப்ரெண்டு வீட்ல பத்துப் பேர் போனோம். "ஒண்ணும் கஷ்டம் இல்லடா, வாங்க"ன்னு அவன்தான் கூப்பிட்டான். சொன்னது அவன், சமைச்சது அவன் வொய்ஃபும் அம்மாவும். அந்த அம்மாவ நாலு மணிக்கு அடுப்படி வாசல்ல பாத்தேன், மூக்குக்கண்ணாடி ஆவில வெள்ளையா இருந்துச்சு, தொடச்சுக்கிட்டே "நல்லாருக்கியாப்பா, எளச்சுட்டியே"ன்னாங்க. ஒம்பது மணிக்குக் கிளம்புறப்பவும் அதே எடத்துல, அதே புடவைத் தலப்புல கைய தொடச்சுட்டு நின்னாங்க. நடுவுல ஒரு தடவ கூட வந்து எங்களோட ஒக்காரல. எங்க கிளாஸ்ல படிச்ச பொண்ணுங்க வீட்டுல மீட்டிங் வெச்சா இன்னும் மோசம், தன்னோட கிளாஸ்மேட்ஸப் பாக்கணும்னு ஆசப்பட்டுக் கூப்பிட்ட பொண்ணு கடைசி வரைக்கும் பரிமாறிட்டேதான் இருப்பா.

இன்னொரு சங்கடம், வீடுன்னா வீடு தெரிஞ்சுடும். ஒருத்தர் வீடு பெருசு, ஒருத்தர் வீட்ல ஒரே ரூம். ஒரு வருஷம் பெரிய வீட்ல வெச்சுட்டா அடுத்த வருஷம் "எங்க வீட்ல வெச்சுக்கலாம்"னு சொல்ல நெனச்சவங்க வாயத் தொறக்க மாட்டாங்க.

வழி இருக்கு, சிம்பிள்தான். வீடு மட்டும் அவங்களோடது, சாப்பாடு வெளியிலேர்ந்து. ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்துடறது, இல்ல மொத்தமா ஒரு எடத்துல சொல்லிப் பிரிச்சுக்கறது. தட்டு, டம்ளர் எல்லாம் தூக்கிப் போடுறதா வாங்கிடுங்க, இல்லன்னா பதினொரு மணிக்கு அந்த வீட்டுப் பொம்பளைங்க சிங்க் முன்னாடி நிக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி குப்பையக் கட்டி வெளிய வைக்கிற வேல ஆம்பளைங்களோடது, எங்க குரூப்ல இது இப்ப சட்டமே ஆயிடுச்சு.

ஒண்ணே ஒண்ணு. பார்சல் சாப்பாடு ஆறு மணிக்கு வந்துடும், கடைசி ஆள் ஒம்பது மணிக்கு வருவார், அது வரைக்கும் எல்லாம் மேஜ மேலயே கெடக்கும். சமைச்சத ரெண்டு மணி நேரத்துக்கு மேல சாதாரண வெப்பத்துல வெளிய வைக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சூடா வெச்சா 60 டிகிரிக்கு மேல இருக்கணும், ஃப்ரிட்ஜ்னா 5 டிகிரிக்குக் கீழ. லேட்டா வர்றவங்களுக்கு மொதல்லயே தனியா எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு, வந்தவொடனே நல்லா சூடு பண்ணிக் குடுங்க. மீட்டிங் முடிஞ்ச மறுநாள் குரூப்ல "யாருக்கெல்லாம் வயிறு சரியில்ல"ன்னு ஒரு கணக்கெடுப்பு நடக்குறது நல்லாவா இருக்கு?

எப்ப சரியா வரும்: எட்டுலேர்ந்து பன்னெண்டு பேர், குடும்பம் கொழந்தைங்களோட வர்றாங்க, நேரம் நெறைய இருக்கு, வீட்டுக்காரங்க மனசார சம்மதிச்சிருக்காங்க. அந்த கடைசிப் பாயிண்ட ஃப்ரெண்டு கிட்டக் கேட்டா பத்தாது, அவங்க வீட்ல இருக்குறவங்க கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுடுங்க.

ஸ்கூல் பக்கத்துல அந்தப் பழைய கடை

இதச் சொன்னா எல்லாருக்கும் கண்ணுல ஒரு மின்னல் அடிக்கும். பத்து வயசுலேர்ந்து முப்பது வயசு வரைக்கும் நடந்ததுதான் மனுஷனுக்குப் பின்னாடி அதிகமா ஞாபகம் வருதுன்னு ஞாபகசக்தி பத்தி ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, நமக்கு அந்தக் கடை சரியா அந்த வயசுல விழுந்தது. கதைங்க தன்னால வரும், எடம் எடுத்துக் குடுக்கும். "இந்தத் தூண்லதான்டா அவன் மண்டைய முட்டிக்கிட்டான்"னு ஒருத்தர் ஆரம்பிச்சா போதும். காசும் யாருக்கும் பாரம் இல்ல.

பிரச்சனை என்னன்னா, நம்ம ஞாபகத்துல இருக்குற கடை அங்க இருக்காது. போர்டுல எழுத்து மாறியிருக்கும், கல்லாவுல பேரன் ஒக்காந்திருப்பான், ருசி மாறியிருக்கும், இல்ல நம்ம நாக்கு மாறியிருக்கும். அதுக்கும் மேல அது கூட்டமான சின்னக் கடை, பெஞ்சுல பன்னெண்டு பேர் ரெண்டு மணி நேரம் ஒக்காந்தா அவங்க யாவாரம் என்ன ஆகுறது? நாம ஏக்கத்த தீத்துக்கறதுக்கு அவங்க நஷ்டப்படணுமா? முட்டி வலி இருக்குறவங்களுக்கு அந்த முதுகு சாய எடமில்லாத பெஞ்சு அரை மணி நேரத்துக்கு மேல தாங்காது, டாய்லெட்டும் இருக்காது.

அதனால இத மெயின் ப்ரோகிராமா வெக்காதீங்க. கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து முக்கா மணி நேரம், அப்புறம் வேற எங்கயாவது நகந்துடுங்க. முன்னாடியே ஒரு தடவை நீங்க மட்டும் போயி கடை இருக்கான்னு பாத்துட்டு வந்துடுங்க. நாங்க எட்டுப் பேர் போயி பூட்டுன ஷட்டர் முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்த கதை உண்டு.

பார்

குடிக்கிற அஞ்சு பேருக்கு ஓகே. மொத்த கிளாஸுக்கும் வெச்சா பாதிப் பேர் வர மாட்டாங்க, வராதவங்கள்ல பொண்ணுங்கதான் அதிகமா இருப்பாங்க, அப்புறம் "நம்ம பேட்ச் பொண்ணுங்க மீட்டிங்குக்கே வர்றதில்லப்பா"ன்னு இவங்களே பொலம்புவாங்க. குடிக்காம ஒக்காந்திருக்குறவனுக்கு பில்லப் பிரிக்கிறப்ப விழுற அடி சூப் கேஸ விடப் பெருசு. முதல் ஒரு மணி நேரம் பேச்சு நல்லா தெறக்கும், மறுக்கல, அதுக்கப்புறம் ஒரே கதை நாலு தடவ வரும், முடிஞ்சு போன ஏதாவது பழைய சண்ட ஒண்ணு எந்திரிச்சு ஒக்காரும். வண்டி எடுத்துட்டு வந்தவங்க கடைசில ஒரு ஸ்ட்ராங் காபி குடிச்சுட்டு ஓட்டிடலாம்னு நெனைக்கிறது தப்பு, ஏறுனது எறங்குறதுக்கு நேரம்தான் மருந்து, காபியோ பச்சத்தண்ணில மூஞ்சி கழுவுறதோ அத வேகப்படுத்தாது. திரும்பிப் போற வண்டிக்காசையும் செலவுல சேத்துக்குங்க.

வெறும் டீ, காபி

இத யாரும் ஒரு ஆப்ஷனாவே எடுத்துக்கறதில்ல. "இத்தன வருஷம் கழிச்சு வந்திருக்கான், வெறும் டீயா?"ன்னு கேப்பாங்க. ஆனா மேல சொன்ன அஞ்சு விஷயத்தையும் வெச்சுப் பாருங்க. காசு யாருக்கும் கடிக்காது. காலைல பத்து மணியோ சாயங்காலம் நாலரையோ, கடைங்க காலியா இருக்கும், சத்தம் கம்மி. ராத்திரி தனியா திரும்பணுமேங்கிற கவல யாருக்கும் இல்ல, இருட்டுறதுக்குள்ள வீடு போயிடலாம். ஒரு கப்புல முடிக்கிறவங்க முடிச்சுட்டு கிளம்பலாம், மூணு கப் ஒக்கார்றவங்க ஒக்காரலாம். வீட்ல யாரும் சமைக்கல. சுகர் இருந்தா சக்கர வேணாம்னா முடிஞ்சுது.

குறை இல்லாம இல்ல. இருபது பேருக்கு இது ஆகவே ஆகாது, அஞ்சாறு பேரத் தாண்டக் கூடாது. வேலை நாள்னா ஆபீஸ் போறவங்க வர முடியாது. அதோட "விருந்து"ங்கிற ஒரு ஃபீல் வராது, சிலருக்கு அது உண்மையிலேயே வேணும், வருஷத்துக்கு ஒரு நாள் வெளிய நல்லா சாப்பிடறதே இந்த சாக்குலதான்னு இருக்குறவங்களும் உண்டு, அதையும் மட்டமா நெனைக்க முடியாது.

ஆனா லீவு பத்து நாள்னா ஒரே ராத்திரில இருபது பேரப் பாக்குறதுக்குப் பதிலா, நாலஞ்சு பேரா நாலஞ்சு டீ வெச்சுக்குங்கன்னுதான் நான் சொல்லுவேன். மொதல்ல சொன்ன நாலு பேர் கணக்குக்கு அது கிட்டத்தட்ட சரியா உக்காரும். "என்ன ஏன்டா அந்த செட்ல போடல"ன்னு ரெண்டு பேர் கோச்சுக்குவாங்க, அத சமாளிச்சுக்கலாம்.

யார் குடுக்குறது

எடத்த விட இதுலதான் நெறைய மீட்டிங் கெட்டுப் போகுது. வெளியூர்லேர்ந்து வந்தவன் "நான் குடுத்துடறேன்"னு கார்ட நீட்டுறது பெருந்தன்மைன்னு நாம நெனைக்கிறோம், நானும் பல தடவ நீட்டியிருக்கேன். ஒரு தடவை நல்லது. வருஷா வருஷம் பண்ணா அங்க இருக்குறவங்களுக்கு அது ஒரு மாதிரி கூச்சம், அடுத்த தடவை கூப்பிட்டா "சும்மா போயி தின்னுட்டு வர்றதா"ன்னு தயங்குறாங்க. என்கிட்ட ஒருத்தர் நேராவே சொல்லிட்டார்.

சமமாப் பிரிக்கிறது டீக்கும் பஃபேக்கும் சரி. மெனு பாத்து ஆர்டர் பண்ற எடத்துல அவங்கவங்க சாப்பிட்டது அவங்கவங்கன்னு மொதல்லயே, ஆர்டர் எடுக்க வர்றதுக்கு முன்னாடியே, சொல்லிடணும். பில் வந்தப்புறம் சொன்னா கஞ்சத்தனமா தெரியும், முன்னாடி சொன்னா வெறும் ஏற்பாடு. ஆர்டர் எடுக்குறவர் கிட்டயும் "தனித்தனி பில்லு"ன்னு அப்பவே சொல்லிடுங்க, கடைசில கேட்டா பதினாலு பேர் பில்லப் பிரிக்க அவருக்கும் கஷ்டம். கூடுதலா குடுக்கணும்னு ஆசையா இருந்தா கேக்குக்கோ ஐஸ்கிரீமுக்கோ மட்டும் குடுங்க, யாருக்கும் கணக்குத் தெரியாம போயிடும்.

அப்ப மூணு பேருக்கும் பதில்

இருபத்தஞ்சு பேர்னு சொன்னவருக்கு: பஃபே, அதுவும் மத்தியானம். அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஆளுக்கு அவங்க பங்குல பாதிய அனுப்பச் சொல்லுங்க, அனுப்புனவங்கதான் உண்மையா வர்றவங்க. கட்டைவிரல நம்பி புக் பண்ணாதீங்க. நெருக்கமானவங்க கூட அங்க பேசிடலாம்னு மட்டும் எதிர்பாக்காதீங்க, அவங்களுக்குத் தனியா ஒரு சாயங்காலம் ஒதுக்கிடுங்க.

ஆறு பேருக்கு: ரவுண்டு டேபிள் ஹோட்டலும் ஓகே, டீயும் ஓகே, அந்த ஆறு பேர்ல யாராவது ஒருத்தர் குரூப்ல "பாக்கலாம்"னு மட்டும் போட்டிருந்தா டீ.

எத்தன பேர்னே தெரியாதவருக்கு: வீடு, வெளிச்சாப்பாடு. எட்டு வந்தாலும் தாங்கும், பதினஞ்சு வந்தாலும் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கலாம். குரூப்ல "எங்க போலாம்?"னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கு எந்தக் காலத்துலயும் பதில் வராது. நாள், நேரம், எடம், தலைக்குச் சுமாரா எவ்ளோ ஆகும், எப்ப வேணா வரலாம் எப்ப வேணா கிளம்பலாம், இந்த அஞ்சையும் ஒரே மெசேஜ்ல போட்டு, "முடியாதவங்க மட்டும் சொல்லுங்க"ன்னு முடிங்க. தயங்குவார்னு தெரிஞ்ச ஆளுக்கு குரூப்ல வேணாம், தனியா போன் பண்ணுங்க. மெசேஜ்ல "வேலை இருக்கு"ன்னு ஈஸியா டைப் பண்ணிடலாம், குரலக் கேட்டுட்டு அவ்ளோ ஈஸியா சொல்ல வராது.

அந்த சூப் குடிச்சவனுக்கு நான் அடுத்த லீவுல அப்படித்தான் போன் பண்ணேன். "சாயங்காலம் டீ, அஞ்சு பேர்தான், வர்றியா"ன்னேன். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வந்து ஒக்காந்திருந்தான். ரெண்டு மணி நேரம், ஆளுக்கு மூணு டீ. நான் பாக்கெட்டுல கைய விடுறதுக்குள்ள அவன் எந்திரிச்சுப் போயி அஞ்சு பேருக்கும் சேத்துக் குடுத்துட்டு, மீதிச் சில்லறைய எண்ணாமலே சட்டப் பையில போட்டுக்கிட்டு வந்தான்.